ஓசிக் கூப்பனும் ஒரு கணக்கும்

மொன்றியலில் காசு குடுத்து லொத்தர்ச் சீட்டு எடுக்கிற ஒரு தமிழனையும் நிம்மதியாக விடாத மனுசன் ஒருவர் இருந்தாரென்றால், அது எங்கள் சட்டத்தார்தான். டோர்வலில் விமானச் சாப்பாடு கட்டுகிற சமையற்கூடத்தில் என்னோடு வேலை. சட்டம் படித்தவரில்லை, போட்டி விதிகளின் பொடி எழுத்துகளைப் படித்தவர். தெப்பனர் என்கிற மூலைக்கடைக்குள் போய் சிப்ஸ் பைக்கற்றின் பின்பக்கத்துப் பரிசுப்போட்டி விதிகளை ஆறுதலாக வாசிப்பார். பேந்து அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்.

"வாங்கத் தேவையில்லையெண்டு போட்டிருக்கு. தபாலிலயும் எழுதிப் போடலாம்."

ஆசை ஒன்றுதான்: ஊருக்கு ஒரு விமான ரிக்கற். இங்கே வந்த நாளிலிருந்து காணாத தங்கச்சி அங்கே. உழைப்பெல்லாம் அவளின் வீட்டுக்கே போய்விடும், ரிக்கற்றுக்கு மிஞ்சாது.

எங்கள் சங்கத்துப் பொங்கல் விழாவில், கொழும்புக்குப் போய்வர ரிக்கற்தான் முதற்பரிசு என்றார்கள். குலுக்கல் கூப்பன் விற்ற தலைவரிடம் சட்டத்தார் போனார்.

"காசு வாங்கிறியள், குலுக்கிறியள், பரிசு குடுக்கிறியள். மூண்டும் சேர்ந்தால் லொத்தர். லைசென்ஸ் எங்கை?"

"ஐயோ அண்ணை, கச்சான் கடலை வாங்கிற காசுதானே!"

"அந்தக் காசை விடுங்கோ, போட்டியாகும். வெண்ட ஆளிட்ட ஒரு கணக்கும் கேளுங்கோ. வெறும் அதிர்ஷ்டமெண்டால் இந்த நாட்டில அதுவும் பிழை."

பயந்துபோன தலைவர் கூப்பனை இலவசமாக்கினார். மண்டபமே அள்ளியது. குலுக்கினால் வந்தது சட்டத்தாரின் பெயர்!

"எட்டை மூண்டால பெருக்கி, நாலைக் கூட்டுங்கோ," என்றார் தலைவர்.

மனுசன் ரிக்கற்றைப் பார்த்தபடியே சொன்னார், "இருபத்தாறு."

"சரி! சரி!" என்று மண்டபம் கத்தியது. தலைவரும், "ஓம், சரிதான்," என்று அவசரமாகத் தலையாட்டினார்.

சட்டத்தார் மைக்கை வாங்கினார். "பிழை. இருபத்தெட்டு. அடுத்ததை எடுங்கோ."

அடுத்தது நான். வேறு கணக்குக் கேட்டார்கள், சரியாகச் சொன்னேன். பெயர் எழுதாத அந்த ரிக்கற்றைக் கொண்டுபோய் அவரின் மடியில் வைத்தேன்.

"இது இப்ப என்ரை. என்ரையை நான் ஆருக்கும் குடுப்பன். சட்டத்தில தடை இருக்கோ, அண்ணை?"

விதித்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இல்லை," என்றவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஊருக்குப் போனவர் போனவர்தான். தங்கச்சியை விட்டு வர மனம் வரவில்லையாம். திரும்பிவரும் பாதி ரிக்கற் சும்மா கிடந்து காலாவதியாகிவிட்டது.

இப்போது தெப்பனரில் போட்டி ஏதும் கண்டால், என் பெயரில் ஒன்றும் அவர் பெயரில் ஒன்றும் எழுதிப் போடுகிறேன். இன்னொருவர் பெயரில் எழுதுவது விதிப்படி பிழை, தெரியும். ஏசுறதுக்காவது மனுசன் ஒருக்கா வரட்டுமே.