வடிவாம்பாள் மடியில் ஒரு மேற்பார்வையாளர்

குண்டூசி முனையில் நூறு நாடுகளை நெருக்கி வைத்தால், அவற்றில் ஒன்றின் பெயர் அணுக்கோட்டை. சிறிய நாடுதான், ஆனால் மந்திரி சபை, வரவேற்பு வளைவு, எதற்கும் குறைவில்லை. மன்னர் உள்கோட்டையில் இருந்தார். அவரை யாரும் பார்த்ததில்லை. ஆணைகள் சுருள் சுருளாக வெளியே வரும். மகாமந்திரி மார்த்தாண்டபூபதி அவற்றைப் பிரித்து, தமக்குப் பிடித்த அர்த்தத்தை நாட்டுக்குச் சொல்வார்.

அங்கே வீட்டுக்கு வீடு சர்க்கரையை எரிக்கும் அடுப்பு உண்டு. அது எரிந்தால்தான் பிழைப்பு. எரிந்தால் ஒரு குடம் நஞ்சுநீரும் வடியும். தெருவில் கொட்டினால் சுவரை அரித்துவிடும். ஆகவே எல்லோரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு வடிவாம்பாளிடம் போவார்கள்.

நஞ்சுநீருக்கும் தண்ணீராகவும் காற்றாகவும் பிரிந்துவிடத்தான் ஆசை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு மேட்டை ஏறிக் கடக்க வேண்டும். தனியே விட்டால் மேட்டடியிலேயே ஆண்டுக்கணக்கில் சோம்பிக் கிடக்கும். குடத்தை வடிவாம்பாள் மடியில் வைத்தால் அந்த மேடு வாசற்படி உயரத்துக்குத் தாழ்ந்துவிடும். கண் இமைப்பதற்குள் குடத்தில் நல்ல தண்ணீர், மேலே நாலு குமிழி. மடி காலி, அடுத்த குடம். அவள் மடியின் குழிவில் நஞ்சுக்குடம் மட்டுமே கச்சிதமாகப் பொருந்தும். எண்ணெய்க் குடத்தை வைத்தால் உருண்டு விழும்.

"அக்கா, என்னோடது சின்னக் குடம். முதல்ல விடுங்க" என்பாள் எதிர்வீட்டுச் செங்கமலம், தினமும்.

"உன் வாயைத் தணிக்கத்தான் யார்கிட்டயும் மடி இல்ல. வை இங்க."

அணுக்கோட்டையில் உழைப்பை எடை போட்டு அளப்பது வழக்கம். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை தராசில் ஏற வேண்டும். எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு நாட்டுக்காகத் தேய்ந்ததாக அர்த்தம். மந்திரிகள் காலையில் விருந்து முடித்து, கழுத்து நிறைய மாலையோடு ஏறுவார்கள். சாயங்காலம் மாலைகளைக் கழற்றிவிட்டு ஏறுவார்கள். மகாமந்திரி ஒருவரே நாளொன்றுக்குப் பத்து வீசை தேய்ந்துகொண்டிருந்தார்.

வடிவாம்பாளின் முறை வந்தது. முள் அசையவில்லை.

"ஆயிரமாயிரம் குடம் பார்த்ததாகச் சொல்கிறாய். குன்றிமணி எடைகூடக் குறையவில்லையே?" என்றார் மகாமந்திரி.

"குறையாதுங்க ஐயா. நான் தேஞ்சு போயிட்டா நாளைக்குக் குடத்தை யார் வாங்குறது?"

"நஞ்சுநீர் தண்ணீராவது இயற்கை. நீ இல்லாவிட்டாலும் ஒருநாள் ஆகியே தீரும். தானாக நடக்கப்போவதை நடத்திவைப்பது ஒரு வேலையா?"

"எந்த ஒருநாள்னு கேட்டுச் சொல்லுங்க ஐயா."

"அரசாங்கத்தை அவசரப்படுத்தாதே!"

மறுநாளே ஆணை வந்தது. உழைக்காமல் பதவியில் இருக்கும் வடிவாம்பாளைக் கண்காணிக்க ஒரு மேற்பார்வையாளர். மகாமந்திரியின் மைத்துனர் ஏகாம்பரம். தலை சிறுத்து, கழுத்து குறுகி, வயிறு பருத்து, ஆள் பார்க்க நஞ்சுக்குடம் மாதிரியே இருப்பார். வந்தவர் இடத்தைச் சுற்றிப் பார்த்தார். வசதியான இருக்கையாக அவர் கண்ணில் பட்டது ஒன்றுதான். வடிவாம்பாளின் மடி. அதில் அமர்ந்தார். கச்சிதமாகப் பொருந்தினார். குடமாக இருந்தால் பிரிந்து போயிருக்கும். அவர் பிரியவும் இல்லை, எழவும் இல்லை.

"ஐயா, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தீங்கன்னா வேலை நடக்கும்."

"நான் தள்ளி உட்கார்ந்தபின் வேலை நடந்தால், அதை மேற்பார்வை செய்தது யார் என்று கேள்வி வருமே அம்மணி" என்றார் ஏகாம்பரம், கால்மேல் கால் போட்டபடி.

தெருவில் குடங்கள் சேர்ந்தன. மூன்றாம் நாள் செங்கமலத்தின் வீட்டுச் சுவரில் ஓட்டை விழுந்தது.

சபை கூடியது. "சூடு ஏறினால் எதுவும் துள்ளும். துள்ளுகிற நஞ்சு மேட்டைத் தானே தாண்டும். இனி வீட்டுக்கு மூன்று அடுப்பு!" என்றார் மகாமந்திரி. மூன்று அடுப்பு எரிந்தது. முதல் நாள் நாலைந்து குடம் நஞ்சு தானாகவே பிரிந்தது உண்மை. அதற்கொரு வரவேற்பு வளைவு கட்டினார்கள். அடுப்புக்கு ஒரு குடம் என்று மூன்று மடங்கு நஞ்சு வடிந்ததற்கு மட்டும் யாரும் வளைவு கட்டவில்லை.

சூடு ஏற ஏற வடிவாம்பாளுக்கு உடம்பு தளர்ந்தது. அவள் மடிப்பு மடிப்பாகச் சுருண்டு அமைந்தவள். அந்த மடிப்புகளில்தான் மடியே இருந்தது. இப்போது அவை ஒவ்வொன்றாக நெகிழ்ந்தன. வெந்த முட்டை பழையபடி முட்டையாகாது என்பது அவளுக்குத் தெரியும்.

"செங்கமலம், இன்னும் ரெண்டு நாள் இப்படியே போனா நான் வெறும் நூலு. அப்புறம் எந்தக் குடமும் என்கிட்ட உட்காராது."

"இந்த மனுசன் எழுந்திரிக்க மாட்டாரா?"

"அவருக்கு என்ன குறை, எழுந்திரிக்க?"

செங்கமலம் வீட்டுக்குப் போகவில்லை. குடத்தோடு ஏகாம்பரத்தின் தோளை உரசாத குறையாக நின்றுகொண்டாள். அவளைப் பார்த்து அடுத்த வீடு, அதைப் பார்த்து அடுத்த தெரு. நாடே குடத்தோடு வந்து நெருக்கியது. யாரும் அவரைத் தள்ளவில்லை, தொடவும் இல்லை. முதுகு அரிக்கிறதென்று அவர் ஒரு கணம் எழுந்தார். செங்கமலத்தின் குடம் மடிக்குள் போனது. அது முடிவதற்குள் அடுத்தது. அவர் உட்காரக் குனியும்போதெல்லாம் அங்கே ஒரு குடம் இருந்தது.

"வரிசையில வாங்க சார்!" என்றது ஒரு குரல்.

"நான் மேற்பார்வையாளர்!"

"சரி, பின்னாடி நின்னு மேற்பாருங்க!"

எல்லோரும் வரிசையில் நின்றதால் அடுப்பை ஊத வீட்டில் ஆளில்லை. சூடு தணிந்தது. வடிவாம்பாளின் மடிப்புகள் மெல்ல இறுகின. தப்பித்தோம் என்று மூச்சுவிட்டுக்கொண்டே குடம் குடமாகத் தீர்த்தாள். மறுநாள் பொழுது விடிவதற்குள் தெரு காய்ந்துவிட்டது.

அன்றைய அடுப்பு எரிந்து, அன்றைய குடங்களோடு ஜனங்கள் வரிசையில் நின்றபோது, மகாமந்திரி மேடை ஏறினார்.

"குடிமக்களே! நமது வெப்பத் திட்டம் வென்றுவிட்டது. தெருவில் ஒரு சொட்டு நஞ்சு உண்டா? நஞ்சே இல்லாத நாட்டில் நஞ்சு பிரிக்க ஒரு பதவி எதற்கு? இன்றோடு அது ரத்து. இந்தத் தூய தெருவில் இனி யாராவது குடத்தை இறக்கி வைத்தால் சிறை. நம்முடையது மக்களாட்சி அல்லவா? பதவி போனவரைத் தவிர, ஆட்சேபம் உள்ளவர்கள் தாராளமாகக் கையை உயர்த்தலாம்."

வடிவாம்பாள் வரிசையைப் பார்த்தாள். வரிசை அவளைப் பார்த்தது.

எல்லோர் கையிலும் குடம் இருந்தது. இரண்டு கைகளிலும்.

"இருங்க, இருங்க, இதை எங்கயாவது..." என்று செங்கமலம் பரபரவென்று அக்கம்பக்கம் தேடினாள்.

மகாமந்திரி மூன்று எண்ணும்வரை பெருந்தன்மையோடு காத்திருந்தார். பிறகு எழுத்தர் பக்கம் திரும்பினார்.

"ஏகமனதாக என்று எழுதிக்கொள்."