ஒரு சொட்டு எண்ணெய் கூடாது

"இன்னியிலேருந்து இந்த வீட்டுக்குள்ள ஒரு சொட்டு எண்ணெய் நுழையக் கூடாது. நுழைஞ்சா நான் மனுஷனே இல்ல!"

சொன்னவர் நம்ம குழாய்க்காரர். ஊரில் யார் வீட்டுக் குழாய் அடைத்தாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். அப்பேர்ப்பட்டவர் ஒரு கையில் எண்ணெய் டப்பாவும் இன்னொரு கையில் குறடுமாக அடுப்படி வாசலை மறித்துக்கொண்டு நின்றார். மனைவிக்கு இது ஏழாம் மாதம். அவள் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏகத்துக்கும் ஏறியிருக்கிறது என்று காலையில் டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

அதற்கு மேல் டாக்டரம்மா என்ன சொன்னார் என்று இவருக்குத் தெரியாது. அந்த அறையில் கை கழுவும் தொட்டிக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டுகிற குழாயைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிற ஜென்மமா இது? விளக்கம் ஆரம்பித்ததுமே தலையைத் தொட்டிக்கு அடியில் விட்டுவிட்டார். தலையை வெளியே எடுத்தபோது எல்லாம் பேசி முடித்து, மனைவி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, டாக்டரம்மா சொன்னதைக் கொஞ்சம் கேளுங்களேன்..."

"ஒண்ணும் சொல்லாதே! குழாய்க்குள்ள கொழுப்பு படிஞ்சா என்ன ஆகும்னு எனக்கா தெரியாது? எத்தனை வீட்டு அடுப்படியில கையை விட்டு வழிச்சுப் போட்டிருக்கேன்! உனக்குள்ள நம்ம புள்ள இருக்கு. உனக்கு அடைச்சுக்கிட்டா நான் எங்கேன்னு கம்பியை விட்டுக் குத்துவேன்?"

மனுஷன் நிஜமாகவே பயந்துபோயிருந்தார்.

பாவம், சொல்லிவிடலாம் என்றுதான் அவள் வாயைத் திறந்தாள். அப்போது அவர் சட்டைப் பையிலிருந்து எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலம் ஒன்று எட்டிப் பார்த்தது. டீக்கடையில் வாங்கிய பொரித்த உருளைக்கிழங்கு. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"சரிங்க. ஆனா ஒரு கண்டிஷன். நான் என்ன சாப்பிடறேனோ அதையேதான் நீங்களும் சாப்பிடணும். நான் மட்டும் அவிச்ச காயைத் தின்னா தொண்டையில இறங்காது."

"ப்பூ, இவ்வளவுதானா! உனக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா?"

"வெளியிலயும்?"

"வெளியிலயும்தான். பொறக்கப் போற புள்ள மேல சத்தியம்!"

அந்தப் பொட்டலத்தை அவள் கையிலேயே கொடுத்தார். டப்பா எண்ணெயைத் தொட்டியில் கொட்ட அவருக்கு மனசு வரவில்லை. ஊருக்கே கொட்டாதே என்று புத்தி சொல்கிறவராயிற்றே! எதிர்வீட்டு அக்காவிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் எல்லாமே அவியல்மயம். அவித்த பூசணி, அவித்த பீன்ஸ், அதற்குத் தொட்டுக்கொள்ள அவித்த கேரட். வேலைக்குப் போகிற வீடுகளில் ஏதாவது பொரிகிற வாசனை வந்தால், குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டார். ஆனால் ஒரு துண்டு தொடவில்லை. தொப்பை வற்றி, கால்சட்டை நழுவி, அதைப் பிடித்து வைக்கத் தண்ணீர் விடுகிற ரப்பர் குழாயில் ஒரு துண்டு வெட்டி இடுப்பில் கட்டிக்கொண்டார்.

மனைவியோ நாளுக்கு நாள் பளபளவென்று ஆனாள். சாயங்காலம் ஆனால், "காலாற நடந்துட்டு வரேங்க" என்று கிளம்பிவிடுவாள்.

ஒருநாள் குறடை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பினார். எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே அடுப்புப் பக்கத்தில் அவருடைய அதே எண்ணெய் டப்பா. மனைவி கையில் பொரித்த மீன்!

"அடிப்பாவி! எனக்குத் துரோகம் பண்ணினா பரவாயில்ல, புள்ளைக்குமா?"

"வாங்க தம்பி, ஒரு துண்டு..." என்றாள் அக்கா.

"பேசாதீங்கக்கா!"

கையோடு மனைவியை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். டாக்டரம்மா சிரித்தார்.

"கர்ப்பமா இருக்கறப்போ கொலஸ்ட்ரால் ஏறத்தாங்க செய்யும். குழந்தை வளர அது வேணும். பிரசவத்துக்கப்புறம் மெல்ல மெல்ல இறங்கிடும். இவங்க அளவா எல்லாம் சாப்பிடலாம். அன்னிக்கே சொன்னேனே!"

"அப்போ நான் எதுக்கு டாக்டர் இத்தனை நாளா அவிச்சதையே தின்னேன்?"

"உங்களுக்கு ஏறியிருந்ததே, அதுக்குத்தான்."

"எனக்கா?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். "போன தடவை வந்தப்போ ரத்த வகை பார்க்கணும்னு உங்க கையிலயும் ஊசி குத்தினாங்களே, கொழுப்பையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னதே நான்தான். எத்தனை வருஷமா கெஞ்சறேன், நீங்க கேட்டீங்களா? உங்க புள்ள வளர்றதை நீங்க கூட இருந்து பார்க்க வேண்டாமா?" சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது.

இவர் பார்வை தொட்டிக் குழாய்ப் பக்கம் போயிற்று. அவள் அவருடைய சட்டைக் காலரை எட்டிப் பிடித்தாள்.

"இன்னிக்காவது முழுசாக் கேட்டுட்டுப் போங்க."

"சரி, ரெண்டு பேருக்கும்தான் ஏறியிருக்கு. உனக்கு மட்டும் மீன், எனக்கு மட்டும் பூசணியா? இது எந்த ஊரு நியாயம்?"

அவள் வயிற்றைத் தடவிக்கொண்டே எழுந்தாள்.

"எனக்குப் புள்ள பொறந்தா இறங்கிடும். உங்களுக்கு அந்த வசதி இல்லையேங்க!"