கொழுந்து மாடியில் குடிசைகள்

மனிதன் முதலில் குகையில் இருந்தான். பிறகு வீடு கட்டினான். கடைசியாக, பசறை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில், சுவரே இல்லாமல் வாழக் கற்றுக்கொண்டான். உலக நாகரிகத்தின் இந்த உச்சக் கட்டத்தை இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு வரை நடத்திவைத்தவர் தோட்டத்து வீடமைப்பு அதிகாரி கனகரத்தினம். அதாவது, அடியேன்.

பறித்த கொழுந்தைப் பரப்பிக் காற்றில் வாட வைப்பதற்காக வெள்ளைக்காரன் கட்டிய மாடி அது. தொழிற்சாலையை மூடியபோது இயந்திரங்களை விற்றார்கள். மாடியை வாங்க ஆள் வரவில்லை. ஆகவே அது 'பாரம்பரியச் சொத்து' ஆயிற்று. தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு மழையில் தோட்டத்து மேல்மலை வெடித்து, அடியில் இருந்த லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், பின்சுவர் விழுந்தது. அந்த லயத்தின் எட்டுக் குடும்பங்களையும் 'தற்காலிகமாக' இங்கே ஏற்றினோம். புது வீடு கட்டித் தருவதாகக் கம்பனி வாக்களித்தது. கம்பனி சொன்ன சொல் தவறாது. இன்றைக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

மாடியின் வசதிகளைச் சொல்ல வாய் போதாது. ஒரே மண்டபம். யார் வீடு எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாது, அவ்வளவு சமத்துவம். ஒரு பிள்ளைக்கு இருமல் வந்தால் எட்டுக் குடும்பமும் விழித்திருக்கும், அவ்வளவு ஒற்றுமை. கொழுந்து வாடுவதற்காக வைத்த ஜன்னல்களில் காற்று இன்றும் கடமை தவறாமல் வீசுகிறது. மறைப்புக்குக் கட்டிய சேலைகளையெல்லாம் பஸ் நிலையம் வரை கொண்டுபோய்ப் போடும். ஜன்னலைத் திறந்தால் அந்த வெடித்த மலை அப்படியே எதிரில் நிற்கும். மழைக்காலத்தில் அதைப் பார்க்க ஆயிரம் கண் வேண்டும்.

இதிலும் குறை கண்டவள் அங்கம்மா. கொழுந்து எடுப்பவள், புருஷன் செத்துப்போனவள், விஜயலெட்சுமி என்ற ஒரே மகளுக்குத் தாய்.

"ஐயா, எங்களுக்கு ஒரு செவுரு வேணுங்க."

"எத்தினை தரம் சொல்லுறது அங்கம்மா? இது 'திறந்தவெளி இல்லம்'. கொழும்பில காசுக்காரர் இருக்கிற சுவரை இடிச்சுப்போட்டு இப்பிடி இருக்கினம்."

"அப்ப அவங்க எங்கங்க சேல மாத்துறாங்க?"

அதைப் பற்றிக் கம்பனிச் சுற்றறிக்கையில் ஒன்றும் இல்லை.

"நாங்க இருட்டுன பொறகுதான் மாத்துறோம். மழையில நனஞ்சு வந்தாலும் ஈரத்தோட குந்திக்கிட்டு இருக்கணும். பொம்பளப் புள்ள வளர்றாங்க ஐயா. ஒரு செவுரு போதும்."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே. தற்காலிகக் குடியிருப்பில் சுவர் எழுப்பக் கூடாது. எழுப்பினால் தற்காலிகத்துக்கு என்ன மரியாதை?

அடுத்த மாதம் விஜயலெட்சுமி பெரியவளானாள். தெமோதரையிலிருந்து தாய்மாமன் கந்தப்பன் மூங்கிலும் மானாப்புல்லுமாக வந்து, மாடி மூலையில் வேலையைத் தொடங்கினான். நான் ஓடினேன்.

"கந்தப்பன், என்ன கட்டுறீர்?"

"குடிசைங்க. தங்கச்சி மக சமஞ்சிருக்கா. தாய்மாமன் நான் கட்டாம யாரு கட்டுவா?"

"அதை வெளியில எல்லோ கட்டுறது?"

"வெளிய பாத்தேங்க. ஆகாசந்தான் இருக்கு."

பிரித்தெறியச் சொல்லித் தோட்ட நிர்வாகியான துரை படியேறி வந்தார். அது என்ன குடிசை என்று காதோடு சொன்னேன். முகம் சிவந்து, தொப்பியைக் கழற்றி, "கலாசாரத்தில் கம்பனி தலையிடாது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து சட்டம் தெளிவாயிற்று. சுவர் கூடாது, குடிசை கூடும். தலைக்குத் தண்ணீர் ஊற்றிச் சடங்கு முடிந்ததும் அதைப் பிரிக்க வேண்டும்.

"எப்ப அங்கம்மா சடங்கு?"

"நல்ல நாளு அமைய மாட்டேங்குதுங்க."

அமையவே இல்லை. பக்கத்துக் குடும்பம் கவனித்தது. அவர்கள் வீட்டில் மூன்று வயதுப் பெண் குழந்தைக்குக் குடிசை எழும்பியது. பிறகு அடுத்தது. கடைசியில் எட்டாவது குடும்பத்துச் சின்னராசாவும் மூங்கிலோடு வந்து நின்றான்.

"உமக்கு மூண்டும் பெடியள் எல்லோ?"

"தங்கச்சிக்கு ஒரு பொண்ணுங்க, பண்டாரவளையில."

"என்ன வயசு?"

"அடுத்த மாசந்தாங்க பொறக்குது. தாய்மாமன் தயாரா இருக்கணும்ல."

எட்டுக் குடிசைகள். எட்டுக் கதவுகள். ஒரு மழைநாள் மத்தியானம் அங்கம்மா பட்டப்பகலில் உலர்ந்த சேலையோடு குடிசையிலிருந்து வெளியே வந்தாள். நாலு வருடத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். எனக்கே சந்தோஷமாக இருந்தது, அலுவல் நேரம் என்பதால் காட்டிக்கொள்ளவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து கம்பனியின் 'வடிவமைப்பு ஆலோசகர்' பிரவீணன் வந்து சேர்ந்தார். மாடியைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார்.

"பழைய மரத்தூண், மலைக்காட்சி, உள்ளுக்குள்ளயே புல்லுக் குடில். இந்த ஐடியா யாரோடது?"

"எல்லாம் அடியேனின்ர வழிகாட்டல்தான்" என்றேன். அடக்கமாகத்தான் சொன்னேன்.

அடக்கம் வீண்போகவில்லை. மாடி உல்லாச விடுதியாகும் என்று கம்பனி முடிவு செய்தது. எட்டுக் குடும்பங்களும் பழைய லயத்துக்கே திரும்ப வேண்டும். விழுந்த பின்சுவரைக் கட்டி, வெள்ளையடித்து, வாசலில் வாழைமரமும் கட்டினோம். ஒரு சுவர் கேட்ட அங்கம்மாவுக்கு நாலு சுவர்.

போகிற நாளை நல்ல நாளாக்கி விஜயலெட்சுமிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். கந்தப்பன் குடிசையைப் பிரித்து எரிக்க வந்தான். பாரம்பரியத்தில் கை வைக்கக் கூடாது என்று பிரவீணன் தடுத்தார்.

"இதுக்குள்ள யாருங்க இருப்பா?"

"வெளிநாட்டு விருந்தாளிகள்."

கந்தப்பன் தீப்பெட்டியை மடியில் செருகினான். "இருக்கட்டுங்க. ஆனா தாய்மாமன் மொற என்னுது."

மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அங்கம்மா என் முன்னால் நின்றாள். மகள் அவள் முந்தானையைப் பிடித்திருந்தாள்.

"மல வெடிச்சிருக்குன்னுதானே ஐயா எங்கள ஏத்துனீங்க. இப்ப அது ஒட்டிக்கிச்சா?"

"பரிசோதிச்சாச்சு."

"யாருங்க?"

"நான்தான்."

"எங்க நின்னு பாத்தீங்க?"

"மேல்மாடி ஜன்னலடியில. அங்கயிருந்து வடிவாத் தெரியுது."

அவள் மலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்ப நாங்களும் தெரிவோம்."

அங்கம்மா படித்தவள் இல்லை; ஆனாலும் எங்கள் விளம்பரத்தின் முக்கியமான வரியை அவளாகவே சொல்லிவிட்டாள். கொழும்பில் அது இப்படி அச்சாகியிருக்கிறது: 'ஜன்னலோரம் அமர்ந்து தேநீர் அருந்தியபடி, எதிர் மலையடியில் வாழும் தோட்ட மக்களைக் கண்டுகளியுங்கள். மழைக்காலத்துக்கு முன்பதிவு அவசியம்.'