எலுமிச்சம்பழம் தேர்ந்தெடுத்த கிராஃபிக்ஸ் கார்டு

சனிக்கிழமை காலை ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் வண்டிகள் நகரவில்லை. விபத்து இல்லை. அமைச்சரும் வரவில்லை. அங்கே ஒரு கம்ப்யூட்டர் கடையின் மாடியில் 'சிலிக்கான் சித்தர்' வைத்தீஸ்வரன், கம்ப்யூட்டரில் படம் ஓட்ட மாட்டுகிற கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஜாதகப் பொருத்தம் பார்க்கிறார். அதற்கான வரிசைதான் மாடிப்படி இறங்கி, நடைபாதையை விழுங்கி, சாலைக்குள் வந்து நின்றது.

வரிசையில் நின்றவர்கள் பாமரர்கள் என்று நினைத்து அவமதித்துவிடாதீர்கள். எல்லாரும் படித்தவர்கள். அதிலும் பாதிப் பேர் கம்ப்யூட்டரையே படித்தவர்கள். எந்தக் கார்டு வேகம் என்று அளந்து பார்க்கத் தெரியும். ஆனால் அளக்க மாட்டார்கள். சித்தர் இருக்கும்போது சிரமம் எதற்கு?

சித்தரின் முறை வெகு சுத்தம். பெட்டியில் அச்சடித்த தயாரிப்புத் தேதிதான் கார்டின் பிறந்த நாள். பிறந்த ஊர் சீனா. அதிலிருந்து நட்சத்திரம் கணித்து, வாங்குகிறவர் நட்சத்திரத்தோடு பத்துப் பொருத்தமும் பார்ப்பார். ரஜ்ஜு தட்டினால் கம்ப்யூட்டருக்கு ஆயுள் பங்கமாம். கடைசியாக, நெட் கேபிளில் கட்டிய எலுமிச்சம்பழத்தைப் பெட்டிக்கு மேலே தொங்கவிடுவார். பழம் சுற்றினால் சம்மதம். சும்மா நின்றால் தோஷம்.

பதினேழாவது டோக்கன் தனசேகருடையது. உடன் மகள் தீபலட்சுமியும் வந்திருந்தாள். கோவிலம்பாக்கத்தில் வீடு கட்டி விற்கிற ஒருவர், கட்டப்போகும் வீட்டுக்குள் நடந்து பார்ப்பதுபோல் ஒரு வீடியோ கேட்டிருந்தார். திங்கட்கிழமை காலை கொடுத்தால் அவளுக்கு நிரந்தர வேலை. கொடுக்காவிட்டால் வேறு ஆள். அவளுடைய பழைய கம்ப்யூட்டரோ அந்த வீட்டின் சமையலறை வாசலோடு மூச்சை விட்டுவிடுகிறது.

விலை ஒன்றாக இருந்த இரண்டு கார்டுகளை அவள் நான்கு நாள் ஒப்பிட்டுப் பார்த்திருந்தாள். 'ருத்ரா 80' ஐந்து வருடப் பழைய மாடல். எட்டு ஜிபி நினைவகம், மூன்று ஃபேன், இரண்டு மடங்கு கரண்ட். 'நீலா 60' புது மாடல். பன்னிரண்டு ஜிபி, இரண்டு ஃபேன். அவளுடைய வேலைக்குப் பத்து ஜிபிக்கு மேல் வேண்டும். பத்துப் படி அரிசியை எட்டுப் படி டப்பாவில் கொட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல சித்தர் வேண்டியதில்லை. ஆனால் பணம் கொடுப்பவர் அப்பா. "எண்பது பெருசா, அறுபது பெருசா? ஒண்ணாங்கிளாஸ் கணக்கும்மா இது" என்றவர், முடிவைச் சித்தரிடம் விட்டுவிட்டார்.

சித்தர் கண்ணை மூடினார். "பொண்ணு இன்னா ராசி?"

"மகரம், சாமி."

"ருத்ரா எம்பது. எட்டுன்னா சனி. மகரம் சனியோட சொந்த வூடு. வூட்டுக்காரரே வூட்டுக்கு வந்துகினு கீறாரு, வழிய வுடு! ஃபேன் மூணு. பிரம்மா, விஷ்ணு, சிவன்."

"நீலா, சாமி?"

"ரெண்டே ஃபேன். ராகு, கேது. தாங்காது நைனா."

எலுமிச்சம்பழமும் ருத்ராவின் மேல் சுழன்று ஆமோதித்தது. எட்டில் முடிகிறது என்று வண்டி நம்பரையே மாற்றிக் கேட்ட தனசேகர் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சாமி, என் ஃபைலுக்குப் பத்து ஜிபிக்கு மேல வேணும். எட்டுல எப்படி ஓடும்?" என்றாள் தீபலட்சுமி.

"இஷ்ட தெய்வத்த நெனச்சிகினு ஓட்டும்மா. மிச்சம் ரெண்ட அவரு பாத்துக்குவாரு."

தோழிக்குத் துணையாக வந்திருந்த கிறிஸ்டினா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். மாடம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவள். பழம் சுற்றிய பெட்டிகளின் மூலையில் எல்லாம் ஒரு குங்குமப் பொட்டு இருந்ததை அவள் கவனித்திருந்தாள். பொட்டில்லாத பெட்டி ஒன்றுக்குக்கூடப் பழம் அசையவில்லை. இரண்டு பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு தனசேகரை ஓரமாக அழைத்துப் போனாள்.

"அங்கிள், மூடின பெட்டிக்குள்ள எந்தக் கார்டு இருக்குன்னு பழத்துக்குத் தெரியும்ல?"

"ஏன் தெரியாம?"

"அப்போ கார்டை மட்டும் பெட்டி மாத்தி வச்சுக் கேளுங்க. பழம் சரியா சொன்னா நானே ருத்ராவை மாட்டித் தரேன்."

"தாராளமா. அசிங்கப்படப் போறது நீதான்" என்று தனசேகரே தன் கையால் கார்டுகளை மாற்றி வைத்து மூடினார்.

அடுத்த டோக்கன் முடிந்ததும் மீண்டும் போய் நின்றார். "மனசுக்கு ஒரு நிறைவு வேணும் சாமி. இன்னொரு தடவை பாருங்க."

பழம் குங்குமப் பெட்டியின் மேல் பம்பரமாகச் சுற்றியது. "மும்மூர்த்தியும் உள்ள குந்திகினு கீறாங்க! என் கண்ணுக்குத் தெரியுது!" என்று முழங்கினார் சித்தர்.

தனசேகர் பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்தவர்கள் ராகுவும் கேதுவும்.

"பொருத்தம் பெட்டிக்குத்தான் பாத்தேன்" என்றார் சித்தர், சளைக்காமல்.

"அப்போ பெட்டியையே கம்ப்யூட்டர்ல சொருவிடலாமா சாமி?" என்று வரிசையில் ஒருவர் கேட்டார்.

சத்தம் கேட்டுக் கடைக்காரர் லக்ஷ்மிநாராயணன் மேலே ஓடிவந்தார். பொட்டு வைத்த பெட்டியில் நீலாவைப் பார்த்ததும் அவருக்குப் பதறியது. "நீலாவுக்கு எவன்டா குங்குமம் வச்சது? விக்காம தேங்கின சரக்குக்குத்தானே வைக்கச் சொன்னேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் சுற்றிலும் ஆட்கள் இருப்பது அவர் கண்ணில் பட்டது. இவ்வளவு நேர்மையான வாக்குமூலத்தை அந்த மாடி அதுவரை கேட்டதில்லை.

கூட்டம் விடவில்லை. கீழே கடைக் கம்ப்யூட்டரில் இரண்டு கார்டுகளையும் மாற்றி மாற்றி மாட்டி, தீபலட்சுமி பென் டிரைவில் கொண்டுவந்திருந்த ஃபைலை ஓட்டிக் காட்டினாள் கிறிஸ்டினா. ருத்ரா இருபது நொடியில் 'நினைவகம் போதவில்லை' என்று கைவிரித்தது. மிச்சம் இரண்டு ஜிபியை எந்தத் தெய்வமும் பார்த்துக்கொள்ளவில்லை. நீலா சமையலறை வாசலைத் தாண்டியது, மாடிப்படி ஏறியது, மொட்டை மாடிக்கே போய் நின்றது.

தனசேகருக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்னால உன் வேலையே போயிருக்கும்மா. அந்தப் பழத்தைப் போய்க் கேட்டேன் பாரு."

"நாலு நாளா நான் சொல்றதைக் கேட்டிருக்கலாம்ப்பா" என்றாள் அவள். அவர் நீலாவுக்குப் பணம் எண்ண ஆரம்பித்தார்.

இதற்குள் சித்தர் பின்பக்கப் படி வழியாக முக்தி அடைந்துவிட்டார். பழத்தை மட்டும் விட்டுப் போயிருந்தார். இருபத்து நாலாவது டோக்கன்காரர் அதைப் பத்திரமாக எடுத்துவந்து கிறிஸ்டினாவின் கையில் வைத்தார். "மேடம், நம்ம ஜாதகத்துக்கு நீலா ஒத்துக்குமா?"

"உங்க ஜாதகம் எனக்கு எதுக்கு சார்? கார்டை வச்சு என்ன வேலை பண்ணப் போறீங்க? அதைச் சொல்லுங்க."

அவர் விழித்தார். "அதை இன்னும் யோசிக்கலையே மேடம்."

மூன்று மணி நேரம் வெயிலில் நிற்க முடிந்த மனிதருக்கு, மூன்று நிமிடம் யோசிக்க முடியவில்லை. யோசிப்பதற்கும் நல்ல நேரம் பார்க்க வேண்டும் என்கிறீர்களா, ஐயா? கவலையே வேண்டாம். சனிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கே முடிந்துவிட்டது. இனி தாராளமாக ஆரம்பிக்கலாம்.