கொட்டாஞ்சேனைத் தவளைப் புழுப் பாதுகாப்புக் கமிட்டி

பிரித்தானிய சாம்ராச்சியத்தில் சூரியன் மறையாததற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். முதற் காரணம், நான் காரியதரிசியாக வீற்றிருந்த கொட்டாஞ்சேனைத் தவளைப் புழுப் பாதுகாப்புக் கமிட்டிதான் என்பது என் பணிவான அபிப்பிராயம்.

எங்கள் தலைவர் பூபாலசிங்கம் வெள்ளவத்தையிலிருந்து ரயிலேறி வரும் கந்தோர் உத்தியோகத்தர், விஞ்ஞானப் பிரியர். கூலிக் குடும்பங்கள் வரிசையாய்க் குடியிருந்த லயத்துக்கு இருந்த ஒரே கிணற்றடியில் ஒரு தவளையைப் பிடித்து அறுத்தார். மூத்திரப்பைக்குள் தட்டையாக ஒரு ஒட்டுண்ணிப் புழு! உடனே கமிட்டி பிறந்தது.

அடடா, அந்தப் புழுவின் ஒழுக்கத்தை என்னென்பது! மழைக்குத் தவளை முட்டையிடும்வரை பொறுத்திருந்து, அதன் பிறகே தானும் இடும். குஞ்சு நீந்திப்போய் வாற்பேத்தையின் செவுளில் ஒட்டிக்கொள்ளும். வாற்பேத்தை தவளையானதும் மூத்திரப்பைக்குக் குடிபெயர்ந்து, வாடகையில்லாமல் சீவிக்கும். இத்தகைய வாழ்க்கை வட்டத்தில் வாளி விழலாமா? ஆகவே பொதுமக்களின் 'நன்மை கருதி' கிணறு மூடப்பட்டது. பூட்டு, அங்கத்தவர் இரும்புக்கடை ஸவாஹிரின் உபயம். கூட்டத்துக்குத் தேநீர் போட மட்டும் திறப்போம்.

அடுத்த கூட்டத்துக்கே லயத்து ஆறாயி இடுப்பில் பிள்ளையோடு வந்து நின்றாள்.

"ஐயா, கெணத்தத் தொறந்துவிடுங்க. வாய்க்காத் தண்ணி குடிச்சுப் புள்ளைக்கு வயித்தால போகுது. கண்ணு சொருகுதுங்க."

"ஆராய்ச்சி முடிய மூண்டு வருசம் செல்லும், ஆறாயி. கொஞ்சம் பொறு." தலைவர் தேநீரை உறிஞ்சினார்.

"அப்புடி என்னங்க பண்ணுது அந்தப் புழு?"

தலைவருக்குக் குஷி பிறந்துவிட்டது. "சொட்டு ரத்தம் குடிச்சுக்கொண்டு மூத்திரப்பையிலை சும்மா இருக்கும். அந்தப் பைதான் தவளைக்குத் தண்ணித் தொட்டி, தெரியுமோ?"

"தொட்டிக்குள்ளயே குந்திக்கிட்டு, தவளைக்குத் தண்ணிய நிப்பாட்டிப்புடுமா?"

"சீச்சீ! தவளை செத்தெல்லோ போயிடும்! புழுவுக்கு அந்தளவு புத்தியில்லையோ?"

ஆறாயி பூட்டைப் பார்த்தாள். பிறகு எங்கள் கோப்பைகளைப் பார்த்தாள். பிள்ளை முனகியது. நான் என் கோப்பையைக் கீழே வைத்தேன்.

தலைவர் செருமினார். "ஸவாஹிர், இன்னொரு பூட்டும் போட்டால் நல்லமெல்லோ?"

"ஓம், ஓம். பெரிசாவே போடுவம்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஆறாயி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் பக்கம் நடந்தாள்.

அன்றைய கூட்ட அறிக்கையில் ஒரேயொரு திருத்தம் செய்தேன். 'ஒட்டுண்ணி' என்ற சொல்லைப் புழுவின் பெயருக்கு முன்னாலிருந்து எடுத்து, அங்கத்தவர் பெயர்களுக்கு மேல் தலைப்பாகப் போட்டேன். அதன்கீழ் முதற் பெயர் என்னுடையது.