வால் நட்சத்திரம் வந்த வருஷமும் பேரன் பேரும்

வேங்கிக்கால் சம்பந்தி ராஜேந்திரன் அவர்களுக்கு, டவுனிலிருந்து மண்ணாங்கட்டி சொல்லச் சொல்ல எழுதியது.

நாள்: புயலில் மலை சரிந்த வருஷத்துக்கு அடுத்த வருஷம், ஆவணி மாசம், திங்கட்கிழமை. இதற்கு மேல் நம்பர் போட மாட்டேன். எனக்கு எழுதப் படிக்க வராது என்பதால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிற எழில் அம்மாவிடம் வந்திருக்கிறேன். "தேதி போடலன்னா மனு செல்லாதுங்க" என்கிறார். "மனு இல்லம்மா, சம்பந்திக்கு" என்றேன். "அப்ப இன்னும் ஜாக்கிரதையா எழுதணும்" என்று பேனாவை உதறிக்கொண்டார்.

இங்கே நான் சௌக்கியம். அங்கே நீங்களும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். ஜெயித்ததாக நினைத்துக்கொண்டிருப்பவருக்கு என்ன குறை.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் கீதாஞ்சலிக்கும் உங்கள் மகனுக்கும் பிறந்த பிள்ளைக்கு நான் மண்ணாங்கட்டி என்று பேர் வைக்கச் சொன்னேன், நீங்கள் இனியன் என்றீர்கள். "சண்டை வேண்டாம் சம்பந்தி, பொது அறிவுல ஒரு போட்டி வெச்சுக்கலாம், ஜெயிச்சவர் சொல்ற பேரு" என்று சொன்னதும் நீங்கள்தான். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வேறு எதில் கூப்பிடுவார், கபடிக்கா? சரி என்றேன். உங்கள் மகள் கவிநிலா செல்போனைப் பார்த்துக் கேள்வி கேட்டது. நிலாவில் மனுஷன் முதலில் கால் வைத்தது எந்த ஆண்டு? "அண்ணா காலமான வருஷம்" என்றேன். நீங்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது என்றீர்கள். மார்க்கு உங்களுக்காம். "அண்ணா எந்த வருஷம் போனாரு?" என்று கேட்டேன். உங்கள் மகளைச் செல்போனில் பார்க்கச் சொன்னீர்கள். அதுவும் அறுபத்தொன்பதுதான். கூடத்தில் இருந்தவர்களெல்லாம் சிரித்த பிறகு எனக்கும் மார்க்கு வந்தது. கிரிக்கெட்டில் இந்தியா முதல் உலகக் கோப்பை ஜெயித்தது எப்போது? "சிலோன்ல கலவரமாயி அகதிங்க கப்பல்ல வந்த வருஷம்" என்றேன். அதுவும் சரி. தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்றதற்கு "மூடி ஆடும்போது" என்றேன். அதைத் தப்பு என்றீர்கள். உங்கள் வீட்டில் மூடி ஆடாமலே கொதிக்கிறதோ என்னவோ. மாட்டு இரைப்பைக்கு எத்தனை அறை என்றதற்கு நான் நாலு என்றேன், நீங்கள் ஒன்று என்றீர்கள். அதை நான் வெளியில் யாரிடமும் சொல்லவில்லை, எழில் அம்மாவைத் தவிர. இப்படிச் சரிக்குச் சரியாக நின்றபோதுதான் கடைசிக் கேள்வி வந்தது: ஹாலி வால் நட்சத்திரம் கடைசியாகத் தெரிந்தது எந்த ஆண்டு?

"மல்லாட்டை மண்டியில தீப்பிடிச்சு வேர்க்கடலை மூட்டையெல்லாம் கருகின வருஷம்" என்றேன்.

"தீ எந்த வருஷம் பிடிச்சது, சம்பந்தி?" என்றீர்கள்.

"வால் நட்சத்திரம் வந்த வருஷம்."

கூடமே சிரித்தது. நீங்கள் எண்பத்தாறு என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள். தீப்பிடித்த வருஷம் அங்கே யாருக்கும் தெரியாததால் என் பதில் செல்லாது என்று அந்தப் பெண் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அவளும் உங்க பொண்ணுதானே!

இது எனக்கு விளையாட்டு இல்லைங்க. கீதாஞ்சலிக்கு இதற்கு முன்னால் ரெண்டு தங்கவில்லை. உங்களுக்கும் தெரியும். என் அம்மாவுக்கு எனக்கு முன்னால் மூணு தங்கவில்லை. நாலாவதாக நான் வந்ததும் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து இந்தப் பேரை வைத்தார்கள். எமன் வந்து பார்த்தான், மண்ணாங்கட்டியைத் தூக்கிட்டுப் போயி நான் என்ன பண்றது என்று திரும்பிப் போய்விட்டான். இன்றுவரை வரவில்லை. சுகர்கூட இல்லை. இனியன் என்று இனிப்பாகப் பேர் வைத்தால் எவனுக்குத்தான் எடுத்துக்கொண்டு போகத் தோணாது? நீங்க படிச்சவரு, இதெல்லாம் மூடநம்பிக்கைம்பீங்க. இருக்கட்டும். பிள்ளை இருக்கணும்.

அதனால் தீர்ப்பை நான் ஒத்துக்கொள்ளவில்லை, ஒத்துக்கொள்ளவும் மாட்டேன். வால் நட்சத்திரத்தைப் பார்த்தபோது நான் வேலை பார்த்த மண்டி குடோன் மொட்டைமாடியில் அஞ்சு பேர் நின்றோம். விடிகிற நேரம், தெற்கே மங்கலாக, யாரோ துடைப்பத்தை வீசியெறிந்த மாதிரி தெரிந்தது. "இது நல்லதுக்கில்லடா" என்று சொன்ன இராமலிங்கம் போய்ச் சேர்ந்துவிட்டார். "இதுக்காடா என்னை எழுப்புனீங்க?" என்று திட்டின சந்திரம்மாளும் போய்விட்டாள். மூட்டை தூக்கின மணி போன தையில் போனான். என்னைத் தவிர மிச்சம் ஒரே ஆள். பேரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் நீங்கள் முந்திக்கொண்டு சாட்சியைக் கலைத்துவிடுவீர்கள். வருகிற வெள்ளிக்கிழமை, மூணு மாசம் முடிந்த கையோடு, தொட்டிலில் போட்டு இனியன் என்று காதில் சொல்லப் போகிறீர்களாமே, சொல்லக் கூடாது. அந்தச் சாட்சியைக் கூடத்தில் நிறுத்தி, தீயும் நட்சத்திரமும் ஒரே வருஷம் என்று எல்லார் எதிரிலும் சொல்ல வைக்கிறேன். என் ஞாபகம் இதுவரை பிசகினதில்லை.

சம்பந்தியம்மா சரோஜாவுக்கு என் கும்பிடு. பிள்ளைக்கு அண்ணாமலையார் துணை இருக்கட்டும். உங்களுக்கும்தான், கொஞ்சம் கம்மியாக.

இப்படிக்கு,
தோற்காத மண்ணாங்கட்டி
(இடது கை பெருவிரல் ரேகை)

பி.கு.: கடிதத்தை மடித்த பிறகு மனசு கேட்கவில்லை. சாட்சியை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று, நீங்கள் வெளியே போகிற நேரம் பார்த்து ஆட்டோ பிடித்துப் போய்விட்டு, மறுபடி எழில் அம்மாவிடம் வந்து உட்கார்ந்திருக்கிறேன். சாட்சி சொன்னது: "தீயா? அது வேலூர்லேருந்து நம்ம ஜில்லாவப் பிரிச்ச வருஷம்டா. வால் நட்சத்திரம் வந்தப்ப உனக்குக் காமாலை. நீ எங்கடா மாடியில நின்ன? கீழ சாக்கு மேல சுருண்டு கெடந்த. நாங்க நாலு பேரும் எறங்கி வந்து சொன்னதத்தான் நீ பாத்ததா சொல்லிக்கினு திரியற."

தோத்துட்டேன், சம்பந்தி. இனியன்னே வையுங்க. சர்டிபிகேட்டில், ரேஷன் கார்டில், எல்லாத்திலும். நான் கிளம்பும்போது சாட்சி தன் மடியில் கிடந்த நம்ம பேரனைத் தட்டி, "டேய் மண்ணாங்கட்டி, தாத்தா போறாரு பாரு" என்றது. பயல் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "பொறந்த அன்னியிலேருந்து இப்படித்தான் கூப்புடறேன். கூடத்துல நீங்க போட்டி நடத்துனப்ப உள்ள இந்தப் பேரச் சொல்லித்தான் தூங்க வெச்சினு இருந்தேன். என்னை யாரு கேட்டீங்க?" என்றது.

தைரியம் இருந்தால் நீங்களே போய் நிறுத்தச் சொல்லுங்கள். அன்றைக்கு மாடியில் நின்றவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது, எங்கள்கூட மண்டியில் மல்லாட்டை உடைத்து, இப்போது உங்கள் வீட்டிலேயே இருக்கிற உங்கள் மூத்த அக்கா மணியம்மாள் ஒருத்தர்தான்.