படிக்கட்டுக்கு ஒரு தலையாட்டல் பாக்கி

அன்புத் தங்கை நண்டுக்கு, உன் சின்ன அண்ணன் சொல்லி எழுத வைப்பது. இங்கே நான் நலம், என் முழங்கால்கள் நலமில்லை. அங்கே உன்னுடையவை இரண்டும் நலமாயிருக்க வேண்டுகிறேன். மருந்துக்கடைக்காரர்தான் எழுதுகிறார். எழுத்து கோணியிருந்தால் அது அவர் சிரித்த இடம்.

சரக்கு ரயில் கவிழ்ந்து தெருவே சர்க்கரை வாரிக்கொண்டு ஓடியதே, நீ தட்டச்சுப் பரீட்சையில் தேறினாயே, அந்த வருஷம்தான் நம் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டது. பெரியண்ணன் பாலம் கட்டும் கம்பெனியில் மேஸ்திரி. அங்கே ஒரு கட்டம் முடிந்ததும் அதிகாரிகள் எல்லோரும் கூடி நின்று பார்த்துச் சரி என்றால்தான் அடுத்த கட்டம். "நம்ம வீட்டுக்கும் அதே சட்டம்தான். ஒரு தலை ஆடலைன்னாலும் வேலை நிக்கும்" என்றார். அண்ணன், அண்ணி, நான், என் வீட்டுக்காரி, நீ. அஸ்திவாரத்துக்கு ஐந்து தலையும் ஆடின, சுவருக்கு ஆடின, சாரத்தில் ஏறிக் கட்டிய மாடி அறைக்கும் ஆடின, கடைசியில் படிக்கட்டு வந்தது, நீ இடுப்பில் கையை வைத்தாய்.

"அடுப்படி வழியா ஊரே ஏறி இறங்குமா? நான் ஆட்ட மாட்டேன்."

"சரின்னு சொல்லித் தொலையேன்டி" என்றாள் அண்ணி.

"சொல்லித் தொலைக்கிறதுக்குப் பேரு சரியா அண்ணி?"

"அவ கேக்கிறது நியாயம். வேலை நிக்கட்டும்" என்றார் அண்ணன்.

நின்றது. நீ கல்யாணமாகிப் போனாய், சாரக்காரன் மரத்தைக் கழற்றிக்கொண்டு போனான், ஏணி வந்தது. கட்டில் கயிற்றில் ஏறியது. மாடிக்குக் குடிவந்த தையல்காரர் ஒருநாள், "பெரியவரே, ஏணி எங்க?" என்று அலற, "பக்கத்து வீட்ல பெயிண்ட் அடிக்குது, நீங்க மேலேயே தைச்சிட்டிருங்க" என்றேன், அன்றைக்குச் சட்டையெல்லாம் ஜன்னல் வழியாகத்தான் வாடிக்கைக்காரர் தலையில் விழுந்தது. அண்ணன் மட்டும் கடைசிவரை அசையவில்லை. "நண்டு வரட்டும்" என்பார். நீ வந்ததெல்லாம் சாவுக்கு. சாவு வீட்டில் போய்ப் படிக்கட்டைக் கேட்க முடியுமா?

தையல்காரரும் காலி செய்துவிட்டார். மாடியில்தான் காற்று. போய்ச் சேர்ந்த என் வீட்டுக்காரியின் கட்டிலும் அங்கேதான், ஏறியது மாதிரி அது இறங்காது. எனக்கோ டாக்டர் ஏணியைத் தொடக்கூடாது என்கிறார். ஆனாலும் நான் கட்டம் தாண்டுகிற ஆளா? உயிருள்ளவரை சட்டம் சட்டம்தான். சரி என்று ஒரு வரி போடு, மறுநாளே கொத்தனார் வருவார்.

உனக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. உன் முழங்காலுக்குத் தனியாக ஒன்று.

பின்குறிப்பு: கொத்தனார் போன மாதமே வந்து கட்டி முடித்துவிட்டார். அடுப்படி வழியாகத்தான். நீ வந்து ஏறிப் பார், இடுப்பில் கை வைத்துக் கத்து, இடிக்கவும் ஆள் சொல்லி வைத்திருக்கிறேன். அன்று படிக்கட்டுக்கு ஆடிய நாலு தலைகளில் மிச்சம் நான். என்னிடம் முடியாது என்று சொல்ல உயிரோடு மிச்சமிருப்பது நீ ஒருத்திதான், நண்டு.